சென்னையில் ஒரு காந்தமானி: தரையிலிருந்து காந்தக்கோள அலைகளைப் படிப்பது எப்படி?

சென்னையில் பூமியின் காந்தப்புலம், அதை அளக்கும் அலகில், ஏறத்தாழ 41,000 நானோடெஸ்லா. பூமியைச் சுற்றி அதன் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்தக்கோளத்தில் பிறந்து இங்கே வந்து சேரும் ஓர் அலை அந்தப் புலத்தை அசைக்கும் அளவு பெரும்பாலும் ஒரு நானோடெஸ்லாவைத் தாண்டாது. நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றாலே புலம் இதைவிடப் பல மடங்கு மாறிவிடும். அப்படியிருக்க, பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நடப்பதைத் தரையில் புதைத்த கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது, அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இத்துறைப் பாடநூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் பதிவானவை. அவற்றை மனதில் வைத்துக்கொண்டு சென்னைத் தரவைத் திறந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே தெரியும் அலைகள் வேறு, அவை இங்கு வந்து சேரும் வழியும் வேறு.

அலை எங்கே பிறக்கிறது?

சூரியனிலிருந்து புறப்படும் பிளாஸ்மா, அதாவது புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் கலந்த சூரியக் காற்று, வினாடிக்கு 400 கிலோமீட்டர் அளவில் பூமியை நோக்கி ஓடிவருகிறது. பூமியின் காந்தப்புலம் அதை விலக்கி ஒதுக்குகிறது. அப்படி ஒதுங்கிய இடம்தான் காந்தக்கோளம். பகல் பக்கம் அதன் எல்லை பூமியின் மையத்திலிருந்து சுமார் 10 பூமி ஆரங்கள், ஏறத்தாழ 64,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரவுப் பக்கம் அது நீண்ட வாலாக இழுபட்டுக் கிடக்கிறது.

உள்ளே வெற்றிடம் இல்லை. மிக மெல்லிய பிளாஸ்மா காந்த விசைக்கோடுகளோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கோட்டை ஒதுக்கினால் பிளாஸ்மாவும் கூடவே நகரும்; விட்டால் கோடு திரும்பி வரும். வீணைத் தந்தியில் இழுவிசையும் தந்தியின் எடையும் சேர்ந்து சுருதியைத் தீர்மானிப்பதுபோல, இங்கே புலத்தின் வலிமை இழுவிசையாகவும் பிளாஸ்மா எடையாகவும் வேலை செய்கின்றன. இத்தகைய அலை சாத்தியம் என்று 1942ல் கணக்கிட்டவர் ஸ்வீடனின் ஹானஸ் ஆல்ஃபவென். அவருக்கு 1970ல் நோபல் பரிசு கிடைத்தது. பூமியில் பதிவாகும் காந்தத் துடிப்புகளுக்குக் காரணம் இவ்வலைகளே என்ற விளக்கத்தை 1954ல் முன்வைத்தவர் ஜேம்ஸ் டங்கி.

புவிநிலைச் சுற்றுப்பாதை (சுமார் 36,000 கிலோமீட்டர்) உயரத்தில் புலம் 100 நானோடெஸ்லா, ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்துப் புரோட்டான்கள் என்று வைத்துக்கொண்டால் ஆல்ஃபவென் அலையின் வேகம் வினாடிக்கு சுமார் 690 கிலோமீட்டர். அங்குள்ள விசைக்கோட்டின் நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவு. அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப சில நிமிடங்கள் ஆகும். தரையில் பதிவாகும் அலைவு நேரங்கள் வினாடிகளிலும் நிமிடங்களிலும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு வகை அலைகளைப் பிரித்தறிய வேண்டும். முதல் வகை விசைக்கோட்டின் வழியே மட்டும் ஓடும். கோட்டைப் பக்கவாட்டில் ஆட்டும். இதுதான் ஆல்ஃபவென் அலை. இரண்டாவது, விசைக்கோடுகளை நெருக்கியும் தளர்த்தியும் அவற்றுக்குக் குறுக்கே பரவும் அமுக்க அலை. சென்னைக்கு இந்த இரண்டாவது வகைதான் முக்கியம். காரணம் சற்றுப் பின்னால் வருகிறது.

துடிப்புகளின் வகைகள்

1859 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வீசிய பெரும் காந்தப்புயலின்போது, லண்டனுக்கு அருகே கியூ ஆய்வகத்தின் ஒளிப்பதிவுத் தாளில் சின்னஞ்சிறு அலைவுகள் தெரிந்தன. பால்ஃபர் ஸ்டுவர்ட் 1861ல் அவற்றை விவரித்து எழுதினார். அதே புயலை பம்பாய் கொலாபா ஆய்வகமும் பதிவு செய்தது. கிடைமட்டப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்த அந்தப் பதிவை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். சென்னையும் இதற்குப் புதிதல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792ல் எழுந்த வானாய்வகத்தில் 1840களிலேயே காந்த அளவீடுகள் நடந்தன.

1960களில் துடிப்புகளுக்கு ஒரு வகைப்பாடு வந்தது. தொடர்ந்து சீராக அலைபவை பிசி. திடீரென்று கிளம்பி அடங்குபவை பிஐ. அலைவு நேரம் 0.2 முதல் 5 வினாடி வரை என்றால் பிசி-1, 10 வரை பிசி-2, 45 வரை பிசி-3, 150 வரை பிசி-4, 600 வரை பிசி-5. பிஐ-1 என்பது 1 முதல் 40 வினாடி, பிஐ-2 என்பது 40 முதல் 150 வினாடி. இவை அலைவு நேரத்தை வைத்து ஒட்டிய பெயர்கள் மட்டுமே. ஒரே பிசி-4 பட்டைக்குள் வேறுவேறு காரணங்களால் பிறந்த அலைகள் வந்து விழும். பெயரைச் சொன்னதாலேயே காரணத்தையும் சொல்லிவிட்டதாக நினைப்பது இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் பிழை.

சென்னையின் விசைக்கோடு எவ்வளவு உயரம் போகிறது?

புலம் முழுக்கக் கிடைமட்டமாக இருக்கும் இடங்களைச் சேர்க்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. சென்னை அதற்குச் சுமார் 5 டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே காந்தப்புலம் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. ஆகவே சென்னையிலிருந்து கிளம்பும் விசைக்கோடு சில பத்து கிலோமீட்டர் மட்டுமே உயர்ந்து, நடுக்கோட்டைக் கடந்து, மறுபக்கம் கடலில் இறங்கிவிடுகிறது. காற்றில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்து மின்னோட்டம் பாயக்கூடிய அடுக்கான அயனிமண்டலத்தின் கீழ்விளிம்பான 90 கிலோமீட்டரைக்கூட அது எட்டுவதில்லை.

இதன் விளைவு பெரியது. கனடாவில் ஒரு காந்தமானி நிற்கும் இடத்தின் விசைக்கோடு பல பூமி ஆரங்கள் தொலைவுவரை போய் வருகிறது. அந்தக் கோடு தன் இயல்பான அலைவு நேரத்தில் ஒத்ததிர்வு செய்தால் கீழே இருக்கும் கருவியில் அது நேராகத் தெரியும். பிசி-5 அலைகள் அங்கே பத்து, நூறு நானோடெஸ்லா கணக்கில் ஆடுவது இதனால்தான். ஒத்ததிர்வின் அலைவு நேரத்திலிருந்து மேலே பிளாஸ்மா எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்றுகூடக் கணக்கிடுகிறார்கள். வடக்குத் தெற்காக நூறு, இருநூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு காந்தமானிகளை வைத்து, எந்த அதிர்வெண்ணில் இரண்டுக்கும் இடையே கட்ட வேறுபாடு (ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது) உச்சம் தொடுகிறது என்று பார்ப்பது வழக்கமான முறை. செங்கல்பட்டிலும் நெல்லூரிலும் கருவி வைத்து இதைச் செய்ய முடியாது. ஒத்ததிர்வதற்கு இங்கே கோடே இல்லை.

அப்படியானால் சென்னையில் என்ன மிச்சம்? அமுக்க அலைகள். அவை விசைக்கோடுகளுக்குக் குறுக்கே பாய்ந்து அயனிமண்டலம்வரை வந்துவிடும். அங்கே அவை ஓட்டும் மின்னோட்டங்களின் காந்தப்புலம் தரையை எட்டும். அவற்றில் பகல்நேர பிசி-3 மிகச் சுவையானது.

பூமிக்கு முன்னே, காந்தக்கோளத்தின் எல்லைக்கும் வெளியே, சூரியக் காற்று திடீரென்று வேகம் குறையும் அதிர்ச்சிமுகப்பு ஒன்று இருக்கிறது. சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் பூமி–சூரியன் கோட்டுக்கு ஏறத்தாழ இணையாக இருக்கும்போது, முகப்பில் மோதும் புரோட்டான்களில் சில எதிர்த்திசையில் திரும்பி ஓடுகின்றன. வந்துகொண்டிருக்கும் காற்றுக்கும் திரும்பி ஓடும் புரோட்டான்களுக்கும் இடையிலான உரசலில் அலைகள் வளர்கின்றன. சூரியக் காற்று அவற்றைப் பூமியை நோக்கி அடித்துக்கொண்டு வருகிறது. அவை எல்லையைக் கடந்து, பிளாஸ்மாவைத் தாண்டி, தரையில் 10 முதல் 45 வினாடி அலைவு நேரத்தில் தெரிகின்றன.

இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. சூரியக் காற்றின் காந்தப்புலத்தை நானோடெஸ்லாவில் எடுத்து ஆறால் பெருக்கினால் அலையின் அதிர்வெண் மில்லிஹெர்ட்ஸில் கிடைக்கும். புலம் 5 என்றால் 30 மில்லிஹெர்ட்ஸ், அதாவது 33 வினாடி அலைவு நேரம். புலம் 8 என்றால் 21 வினாடி. புலம் 3 ஆகக் குறைந்தால் 56 வினாடி. பெயர் பிசி-4 ஆகிவிடும், காரணம் மட்டும் மாறாது. புலத்திற்கும் பூமி–சூரியன் கோட்டிற்கும் இடையிலான கோணம் 45 டிகிரிக்குள் இருந்தால் அலைகள் நன்றாக வரும். கோணம் கூடக்கூட மங்கும். சென்னைக்கு வெளியே ஒரு வயலில் புதைத்த கருவி சூரியக் காற்றின் புலம் எந்தக் கோணத்தில் வருகிறது என்பதை ஒரு மாதிரி சொல்லிவிடுகிறது.

இரவில் எதிர்பார்க்க வேண்டியது பிஐ-2. வால்பகுதியில் தேங்கிய ஆற்றல் திடீரென்று அவிழும் துணைப்புயலின் தொடக்கத்தில் இது கிளம்பும். நாலைந்து அலைவுகள், ஒவ்வொன்றும் ஒன்று ஒன்றரை நிமிடம், பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். துருவ ஒளி தெரியும் ஊர்களில் இது பெரிதாகவும் குழப்பமாகவும் இருக்கும். சென்னை போன்ற தாழ்ந்த அட்சரேகையில் சிறிதாக, ஆனால் சுத்தமாக வரும். துணைப்புயல் எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று குறிக்க நம்மூர்ப் பதிவுகள் நன்றாகப் பயன்படுகின்றன.

பிசி-1 இங்கே அரிது. அது தொலைவில், பல பூமி ஆரங்களுக்கு அப்பால் அயனிகள் சுழலும் தாளத்தில் பிறந்து, உயர் அட்சரேகை அயனிமண்டலத்தில் இறங்கி, அந்த அடுக்கின் வழியே பக்கவாட்டில் பல ஆயிரம் கிலோமீட்டர் வந்தாக வேண்டும். வந்து சேரும்போது மிகவும் நலிந்துபோயிருக்கும்.

வழியில் என்ன தொலைகிறது?

தரையில் வாங்கும் பதிவு மேலே உள்ள அலையின் நகல் அல்ல. அயனிமண்டலமும் பூமியும் அதைத் திருத்திக் கொடுக்கின்றன.

முதல் திருத்தம் அளவைப் பொறுத்தது. 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தின் கிடைமட்ட அலைநீளம் 200 கிலோமீட்டர் என்றால் தரைக்கு வந்து சேர்வது அதில் 4 சதவீதம்தான். 600 கிலோமீட்டர் என்றால் 35 சதவீதம். 2,000 கிலோமீட்டர் என்றால் 73 சதவீதம். சிறிய அமைப்புகளைத் தரைக் கருவியால் பார்க்கவே முடியாது. செயற்கைக்கோள் ஓர் இடத்தில் வலுவான அலையைக் காட்ட, நேர் கீழே ஒன்றும் பதிவாகாமல் போனால் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. தரைக் கருவிக்கு வேறொரு பலம் உண்டு. செயற்கைக்கோள் வினாடிக்குப் பல கிலோமீட்டர் நகர்ந்துகொண்டே அளப்பதால், புலம் நேரத்தால் மாறியதா இடத்தால் மாறியதா என்ற குழப்பம் அதற்கு எப்போதும் உண்டு. தரைக் கருவி அசையாமல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது திருத்தம் திசை. உயர் அட்சரேகைகளில் விசைக்கோட்டின் வழியே வரும் ஆல்ஃபவென் அலை அயனிமண்டலத்தைக் கடக்கும்போது அதன் அலைவுத் திசை ஏறத்தாழ 90 டிகிரி திரும்பிவிடும். மேலே கிழக்கு–மேற்காக ஆடியது கீழே வடக்கு–தெற்காகத் தெரியும். மற்ற நாட்டுத் தரவுகளைப் படிக்கும்போது இதை மறந்தால் விளக்கம் தலைகீழாகிவிடும்.

மூன்றாவது நம் தெற்குக்கே உரியது. காந்த நடுக்கோட்டை ஒட்டி, இருபுறமும் சுமார் 3 டிகிரி அகலத்தில், 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் முழுதும் கிழக்கு நோக்கி ஒரு வலுவான மின்னோட்டம் பாய்கிறது. இதுதான் நடுக்கோட்டு மின்தாரை. 1963ல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கு இது முக்கியக் காரணம். திருநெல்வேலி இந்தத் தாரைக்குள் இருக்கிறது. சென்னை அதன் விளிம்புக்குச் சற்று வெளியே. தாரைக்குள் அயனிமண்டலம் மின்னோட்டத்தை மிக எளிதில் கடத்துவதால், நீண்ட அலைவு நேரமுள்ள துடிப்புகள் பகலில் அங்கே பெரிதாகின்றன; 20 வினாடிக்கும் குறைந்தவை நசுங்குகின்றன. ஒரே அலையைத் திருநெல்வேலியிலும் சென்னையிலும் பதிந்து ஒப்பிட்டால் இந்த வேறுபாடு பகலில் தெரிந்து இரவில் மறையும்.

கடலையும் சொல்ல வேண்டும். மாறும் காந்தப்புலம் தரைக்குள்ளும் கடலிலும் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 30 வினாடி அலை சராசரிப் பாறைக்குள் 27 கிலோமீட்டர்வரை ஊடுருவும். கடல்நீரில் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டாது. வங்கக் கடலில் தேங்கும் இந்த மின்னோட்டம் கரையோரக் கருவியின் செங்குத்துக் கூறைத் திரித்துவிடும். சென்னையில் அலைகளைப் படிக்கக் கிடைமட்ட வடக்குக் கூறையே நம்புங்கள். செங்குத்துக் கூறு சொல்வது பாதி கடலின் கதை.

எந்தக் கருவி?

கைப்பேசியில் உள்ள காந்த உணரியின் ஒரு படியே 150 நானோடெஸ்லா அளவு. அது திசைகாட்டிக்குப் போதும், இதற்கு உதவாது. ஆர்வலர்கள் வாங்கும் ஆர்எம்3100 வகை உணரிகள் பரவாயில்லை. பல வாசிப்புகளைச் சராசரி எடுத்தால் சில நானோடெஸ்லாவரை இறங்கும். அன்றாடப் புல ஏற்றத்தையும் காந்தப்புயலின் முதல் தாவலையும் அதில் பார்க்கலாம். பிசி-3 அதில் தெரியாது.

உண்மையான வேலைக்கு இரண்டு கருவிகள். ஃப்ளக்ஸ்கேட் காந்தமானியில், எளிதில் காந்தமாகும் ஓர் உள்ளகத்தை மாறுமின்னோட்டத்தால் இரு பக்கமும் நிறைவுறச் செய்வார்கள், அதாவது அதற்குமேல் காந்தமேற முடியாத நிலைக்குக் கொண்டுபோவார்கள். வெளிப்புலம் இருந்தால் இந்த நிறைவுறல் ஒரு பக்கம் கோணி, செலுத்திய அதிர்வெண்ணின் இரு மடங்கில் ஒரு சமிக்ஞை எழும். அதை அளந்தால் புலம் கிடைக்கும். 41,000 நானோடெஸ்லாவுக்குள் 0.01 நானோடெஸ்லாவைப் பிரித்தறிய நாற்பது லட்சம் படிகள் வேண்டும். எனவே சமிக்ஞையை எண்ணாக மாற்றும் 24 பிட் எண்மாற்றி வேண்டும், அல்லது பெரிய நிலையான புலத்தை ஒரு சுருளால் ரத்துசெய்துவிட்டு மிச்சத்தை அளக்க வேண்டும். வினாடிக்கு ஒரு வாசிப்பு என்பது பிசி-3 முதல் பிசி-5 வரைக்கும் பிஐ-2க்கும் போதும்.

மற்றது தூண்டல் சுருள். காந்த ஊடுருவு திறன் மிக்க உலோகத் தண்டின்மேல் பல்லாயிரம் சுற்றுகள். இது புலத்தை அளப்பதில்லை, புலம் மாறும் வேகத்தை அளக்கிறது. 50,000 சுற்று, 4 சதுர சென்டிமீட்டர் தண்டு, தண்டு புலத்தை 500 மடங்கு திரட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 1 ஹெர்ட்ஸில் 0.1 நானோடெஸ்லா அலை சுமார் 6 மைக்ரோவோல்ட் தரும். அதே வீச்சு 30 வினாடி அலையில் இருந்தால் 0.2 மைக்ரோவோல்ட்தான். பிசி-1க்குச் சுருள், பிசி-3க்கு மேல் ஃப்ளக்ஸ்கேட் என்று பிரிவது இதனால்.

சுருளோடு வேலை செய்பவர்களைச் சிக்கவைக்கும் பொறி ஒன்று உண்டு. மின்வாரியக் கம்பியின் 50 ஹெர்ட்ஸ் எப்போதும் சரியாக 50ல் நிற்பதில்லை. வினாடிக்குப் பத்து வாசிப்பு எடுக்கும் கருவியில், முன்னால் நல்ல வடிகட்டி இல்லையென்றால், 49.97 ஹெர்ட்ஸ் மடிந்து 0.03 ஹெர்ட்ஸாக, அதாவது 33 வினாடி அலையாக வேடம் போட்டு நிற்கும். அச்சு அசல் பிசி-3. வாசிப்புக்கு முன்பே, அனலாக் நிலையிலேயே 50 ஹெர்ட்ஸை வெட்ட வேண்டும். பதிவான பின் எந்த மென்பொருளாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. சுருளில் 7.8 ஹெர்ட்ஸில் ஒரு மேடு தெரிந்தால் அது காந்தக்கோளத்திலிருந்து வந்ததல்ல. உலகெங்கும் வெட்டும் மின்னல்கள் தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் இடையே எழுப்பும் ஷூமன் ஒத்ததிர்வு அது.

இடம் தேடுவதுதான் பாதி வேலை

பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் கொலாபாவின் காந்த அளவீடுகளை அலிபாக்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1904ல் அங்கே புதிய நிலையம் தொடங்கியது. நேர்மின்னோட்ட ரயில்கள் இதைவிட மோசம். தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள் கசியும் மின்னோட்டம் பல கிலோமீட்டர்வரை அலைந்து, வண்டி நிற்பதும் கிளம்புவதும் துடிப்புகளாகவே பதிவாகும். இந்த விஷயத்தில் சென்னைக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். கடற்கரை–தாம்பரம் பாதை 1931ல் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் தொடங்கினாலும், 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறிவிட்டது. சென்னை மெட்ரோவும் அதே முறைதான். பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்னோட்டம். அங்கே இன்னும் வெகுதூரம் ஓட வேண்டும்.

ஆனாலும் நகருக்குள் வேண்டாம். காரின் காந்தத் திருப்புத்திறன் (அது எவ்வளவு வலுவான காந்தம் என்பதன் அளவு) 200 ஆம்பியர்-சதுரமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டரில் அது 20 நானோடெஸ்லா தரும். 50 மீட்டரில் 0.16, 100 மீட்டரில் 0.02. தொலைவு இரட்டித்தால் எட்டில் ஒன்றாகக் குறைவதால் கொஞ்சம் தள்ளிப்போனாலே நிறைய மிச்சமாகும். லாரி போகும் சாலைக்கு 300 மீட்டராவது, ரயில் பாதைக்கு ஒரு கிலோமீட்டராவது விலகியிருப்பது நல்லது. அடுக்குமாடி மொட்டைமாடியில் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. லிஃப்டின் எதிரெடை, சம்ப் மோட்டார், இரும்புக் கதவு, தூணுக்குள் கம்பி: இவற்றில் ஒன்றே போதும்.

மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து மூலை கிடைத்தால் நல்லது. கடற்கரையைத் தவிர்ப்பதற்குச் செங்குத்துக் கூறைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. உணரி 41,000 நானோடெஸ்லா புலத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு மீட்டருக்கு ஒரு மைக்ரோமீட்டர் என்ற அளவில் சாய்ந்தாலே 0.04 நானோடெஸ்லா மாற்றம் தெரியும். கரையில் மோதும் பேரலைகள் மண்ணைப் பத்து வினாடிக்கு ஒருமுறை மெல்ல அசைக்கின்றன. அந்த அசைவு பிசி-2, பிசி-3 எல்லையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தென்னை, வேம்பு போன்ற பெரிய மரங்களின் வேருக்கருகே புதைத்தாலும் இதே தொல்லைதான்; காற்றடிக்கும் நாளில் மட்டும் அலை வரும்.

குழி ஒரு மீட்டர் ஆழம் வேண்டும். அந்த ஆழத்தில் சென்னை வெயிலின் பகல்–இரவு ஏற்ற இறக்கம் எட்டாது. ஃப்ளக்ஸ்கேட் ஒரு டிகிரிக்குப் பத்தில் ஒரு நானோடெஸ்லா நகர்ந்தாலும், வெளியில் வைத்தால் நாளொன்றுக்கு ஒரு நானோடெஸ்லா பொய் ஏற்றம் சேரும். அடிப்பீடம் கான்கிரீட்டில் போடலாம், கம்பி கூடாது. திருகு, கீல் எல்லாம் பித்தளை, குழாய் பிவிசி. நம்மூர் கருங்கல் ஜல்லி பெரும்பாலும் பல்லாவரம் வகை சார்னோக்கைட். அதில் மேக்னடைட் துகள்கள் உண்டு. மணலிலும் கருமணல் கலந்திருக்கும், ஒரு காந்தத்தை மணலில் இழுத்துப் பார்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். அலைகளுக்கு மட்டும் என்றால் இதற்காக அதிகம் கவலைப்பட வேண்டாம்: அசையாத காந்தம் மாறாத புலத்தைத்தான் சேர்க்கும். புலத்தின் முழு மதிப்பையும் ஆண்டுக்கணக்கில் அளக்கும் நிலையங்களுக்குத்தான் இது தலைவலி.

அக்டோபரில் மழை தொடங்கினால் குழிக்குள் நீர் எழும். உணரியை இருமுனையும் அடைத்த குழாயில், சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, வெற்றுக் குழாய் மிதந்து சாயாமல் பீடத்தோடு பித்தளைப் பட்டையால் இறுக்கிவிட வேண்டும். மழைக்குப் பிறகு பதிவு ஒரு பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போனால் முதலில் பீடத்தின் சாய்வைச் சோதியுங்கள்.

உணரியை நிறுத்தும்போது, குமிழ்மட்டத்தால் சமன்செய்து, கிழக்குக் கூறு பூஜ்யம் காட்டும்வரை மெதுவாகச் சுழற்றினால் வடக்குக் கூறு காந்த வடக்கை நோக்கிவிடும். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வேறுபாடு ஒன்றிரண்டு டிகிரிதான். பதிவுப் பெட்டியும் மின்கலமும் உணரியிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சோலார் பலகையின் இரு கம்பிகளையும் கட்டாயம் முறுக்கிவிட வேண்டும். தனித்தனியே ஓடும் கம்பியில் 5 ஆம்பியர் பாய்ந்தால் 10 மீட்டர் தொலைவில் 100 நானோடெஸ்லா! மின்கலம் நிறையும் தறுவாயில் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவி சில வினாடிக்கு ஒருமுறை விட்டுவிட்டு மின்னோட்டம் விடும். மதியம் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குத்தான் அது நடக்கும். பிசி-3 வலுக்கும் நேரமும் அதுவே.

நேரத்துக்கு ஜிபிஎஸ். கணினிக் கடிகாரம் நாளுக்குச் சில வினாடிகள் விலகும். 30 வினாடி அலையில் ஒரு வினாடிப் பிழை என்பது 12 டிகிரி கட்டப் பிழை. இரண்டு நிலையங்களை ஒப்பிடும் கணக்கெல்லாம் வீணாகிவிடும்.

பதிவைப் படிப்பது

சொந்தக் கருவி இல்லாமலும் தொடங்கலாம். ஹைதராபாத், சௌட்டுப்பல், அலிபாக் நிலையங்கள் இன்டர்மேக்னெட் என்ற உலக வலையமைப்பில் உள்ளன. அதன் தரவுகளை ஆய்வுக்கு இலவசமாகப் பெறலாம். ஒரு நிமிடத் தரவை எடுக்காதீர்கள். அதில் இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த அலை எதுவும் இருக்காது. ஒரு வினாடித் தரவு உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரம் எல்லாம் உலக நேரத்தில் இருக்கும். சென்னையின் சராசரி நண்பகல் அதில் காலை 6.39.

பச்சையாக வரைந்தால் முதலில் தெரிவது பகலில் மேலேறி மாலையில் இறங்கும் பெரிய மேடு மட்டுமே. துடிப்பு அதன்மேல் மயிரிழைபோல ஒட்டிக்கிடக்கும். தாவல்களையும் விடுபட்ட வாசிப்புகளையும் முதலில் குறித்து ஒதுக்குங்கள். தாவலை ஒதுக்காமல் வடிகட்டினால் ஒவ்வொரு தாவலும் அழகான அடங்கும் அலையாக மாறிவிடும். பிஐ-2 என்று ஏமாந்தவர்கள் ஏராளம். அடுத்து 7 முதல் 100 மில்லிஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இருபது நிமிடச் சாளரத்தை நகர்த்தி நகர்த்தி நிறமாலை வரைந்தால், எந்த மணியில் எந்த அதிர்வெண் வலுத்தது என்ற படம் கிடைக்கும். இருபது நிமிடத்துக்கு அதிர்வெண் நுணுக்கம் 0.8 மில்லிஹெர்ட்ஸ். பிசி-3க்கு அது போதும். வடிகட்டும் முன் அடுத்தடுத்த வாசிப்புகளின் வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால், தாழ் அதிர்வெண்கள் படத்தை முழுங்காது.

இப்போது சோதனை. 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹைதராபாத்தில் அதே நிமிடத்தில் அதே அலை ஏறத்தாழ அதே கட்டத்தில் இருக்கிறதா? காந்தக்கோளத்திலிருந்து வந்த அமுக்க அலை என்றால் இருக்கும். பம்ப்செட் மோட்டார் அங்கே போகாது. பிறகு சூரியக் காற்றின் தரவை எடுங்கள். 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அளக்கும் செயற்கைக்கோள்கள் உள்ளன. நம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரியிலிருந்து அங்கே சுற்றுகிறது, அதிலும் ஒரு காந்தமானி இருக்கிறது. வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணிநேரம் ஆகும், அதற்கேற்ப நேரத்தை நகர்த்துங்கள். பூமிக்கருகே கொண்டுவந்து திருத்திய தரவு என்றால் மறுபடி நகர்த்தக் கூடாது.

காந்தப்புயல் இல்லாத ஒரு சாதாரண நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு வரை மணிக்கு மணி புலத்தை ஆறால் பெருக்கி, எதிர்பார்க்கும் அதிர்வெண்ணை உங்கள் நிறமாலைப் படத்தின்மேல் வரையுங்கள். கோணம் 45 டிகிரிக்குள் இருக்கும் மணிகளில் அந்தக் கோடு பிரகாசமான பட்டையை ஒட்டிச் சென்றால் உங்கள் கருவி வேலை செய்கிறது. கோணம் 80 டிகிரிக்குப் போன பிறகும், ஹைதராபாத் அமைதியாக இருக்கும்போதும், உங்கள் படத்தில் மட்டும் அதே 33 வினாடிப் பட்டை அசையாமல் நின்றால், சோலார் கம்பியையும் 50 ஹெர்ட்ஸ் வடிகட்டியையும் போய்ப் பாருங்கள்.